ஊராட்சி மன்ற உறுப்பினருக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

2 பிப்ரவரி 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி (அடுத்து வருபவை என் பதில்கள்)

மலேசியாவில் (மாநகர் மன்றம் உட்பட) ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அது கட்சி பார்த்துக் கொடுக்கும் பதவி. அப்படியிருக்க, சொத்துக்கு நாம் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து அவர்களுக்கு மாதப்படி எதற்கு? மேயருக்கும் இயக்குநர்களுக்கும் எவ்வளவு போகிறது என்பதாவது யாருக்காவது தெரியுமா? இதையெல்லாம் நிறுத்தினால் எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) கால்வாயையாவது ஒழுங்காகத் துப்புரவு செய்யலாம்.

3 பிப்ரவரி

படியை நிறுத்தினால் கால்வாய்க்குப் பணம் கிடைத்துவிடும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவரைத் தவிர குறைந்தது 8 பேரும் அதிகம் போனால் 24 பேரும் உறுப்பினர்களாக இருக்கலாம். அந்த 24 பேரின் படியை மொத்தமாகக் கூட்டினாலும், ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பினாங்குத் தீவு மாநகர் மன்றம் போன்ற ஓர் அமைப்பின் சம்பளச் செலவில் அது ஒரு மூலையில்தான் கிடக்கும்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. அவர்களுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதும் மாநில அரசு. ஊழியர்களின் பதவிகளையும் ஊதியத்தையும் மன்றமே வகுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதற்கும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் புத்ராஜெயாவின் பொதுச்சேவைத் துறை ஒரு சுற்றறிக்கையை வெளியிடும். மாநிலம் அதை ஏற்கும். பிறகு மன்றம் ஏற்கும். வரி கட்டுகிறவர் இந்த வரிசையில் எந்த இடத்திலும் நிற்கவில்லை. எவ்வளவு என்பதற்கு முன்னால், யார் முடிவு செய்கிறார்கள், அதை எங்கே எழுதி வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

5 பிப்ரவரி

வரிக்கு ஏதாவது உச்சவரம்பு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஆண்டு வாடகை மதிப்பின்படி வரி போட்டால் 35 விழுக்காட்டையும், சொத்தின் மேம்பட்ட மதிப்பின்படி போட்டால் 5 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. வசூலிப்பதற்கு இப்படி ஒரு வரம்பை எழுதி வைத்த அதே சட்டம், வசூலித்த பணத்திலிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்பதை வரி கட்டியவர் முன் பெயர், பதவி வாரியாக வைக்கச் சொல்லவில்லை.

8 பிப்ரவரி

ஓய்வு பெறும்வரை நான் ஓர் ஊராட்சி மன்றத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த மன்றம் என்று சொல்வதற்கில்லை. அதிகாரிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று இங்கே சிலர் எழுதுவதைப் படிக்கும்போது, என் மேசையில் மாதம்தோறும் வந்து விழுந்த சம்பளச் சீட்டுகள் நினைவுக்கு வருகின்றன.

ஓர் அமலாக்க ஊழியரின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அடிப்படைச் சம்பளம், அதன் கீழே வீட்டுப்படி, பொதுச்சேவைப்படி, வாழ்க்கைச் செலவு உதவித்தொகை என்று சில வரிகள். வலப்பக்கத்தில் பிடித்தங்கள்: வீட்டுக் கடன், கூட்டுறவுக் கழகக் கடன், அந்தக் கடனை அடைக்க வாங்கிய இன்னொரு கடன். மொத்தப் பிடித்தம் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. எனவே விதி அனுமதிக்கும் கடைசி வெள்ளி (ரிங்கிட்) வரை பிடித்தம் போயிருக்கும். மீதி 40 விழுக்காட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் அந்த மனிதர்தான் மறுநாள் இரவு அங்காடிக் கடைகளுக்குப் போய், சம்மன் எழுதுவதா கண்டித்து விடுவதா என்று தீர்மானிக்கிறார். அவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அவருடைய நேர்மையைப் பற்றியும் சேர்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வந்திருக்கும் புதிய ஊதிய முறையைப் பார்ப்போம். சென்ற ஆண்டு டிசம்பர் 1 முதல் முதற்கட்டமாக 8 விழுக்காடு உயர்வு. இரண்டாம் கட்டமாக 2026 ஜனவரி 1 முதல் 7 விழுக்காடு. உயர் நிர்வாகத்தினருக்கு இதில் ஏறக்குறையப் பாதி: முதலில் 4, பிறகு 3. மேலே இருப்பவருக்குக் குறைவாகக் கொடுத்தோம் என்று இதைப் பெருமையாகச் சொன்னார்கள். முன்பு இருந்ததைவிட இது நல்ல மாற்றம்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 வெள்ளிக்கு 8 விழுக்காடு 160 வெள்ளி. 16,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு 640 வெள்ளி. அரிசி விலையும் பெட்ரோல் விலையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விழுக்காட்டைப் பாதியாகக் குறைத்த பிறகும், இடைவெளி 14,000 வெள்ளியிலிருந்து 14,480 வெள்ளியாக விரிகிறது. ஒரு குறிப்பிட்ட தொகையை எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் விழுக்காடு போடும் வழியைத் தொழிற்சங்கங்கள் பல இடங்களில் கேட்டு வாங்கியிருக்கின்றன. நம் மன்றங்களில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

9 பிப்ரவரி

அமலாக்க ஊழியருக்காக நான் வாதாடுவது லஞ்சத்துக்குச் சாக்குச் சொல்வது போல இருக்கிறது என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். லஞ்சம் வாங்கியவர் தண்டனை பெறத்தான் வேண்டும். கடனில் மூழ்கிய ஒருவரைப் பண ஆசை எளிதாகத் தொடக்கூடிய ஒரு வேலையில் தனியாக இறக்கிவிடுவது நிர்வாகத்தின் தவறு என்றும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். அதற்கு முந்தின நாள் ரத ஊர்வலத்தின்போது நான் பினாங்கின் டத்தோ கெராமாட் சாலையில் நின்றிருந்தேன். குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்த இடத்தில் ரதம் நகர்ந்த உடனே துப்புரவுத் தொழிலாளர்கள் இறங்கிவிட்டார்கள். தார்ச்சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர். கால் வைத்தால் வழுக்குகிறது. அகலமான மண்வெட்டியால் சில்லுகளை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள்; உடைந்த ஓடு பூட்ஸின் பக்கவாட்டில் கீறுகிறது. அடுத்த ரதம் வருவதற்குள் சாலையை ஒதுக்கியாக வேண்டும். வெயிலில் விட்டால் சில மணி நேரத்தில் புளித்த நாற்றம் கிளம்பிவிடும் என்பதால் அவர்களுக்கு மூச்சு விடவும் நேரமில்லை.

அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் மன்றத்தின் நிரந்தர ஊழியர். மற்றவர் குத்தகையாளரின் ஆள். ஒரே மண்வெட்டி, ஒரே சாலை. முதலாமவருக்கு விடுமுறை நாள் மிகைநேரக் கணக்கு, மருத்துவ வசதி, ஆண்டு உயர்வு எல்லாம் உண்டு. இரண்டாமவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம். அது இந்த மாதம் 1ஆம் தேதிதான் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாகியிருக்கிறது. சேமநிதிக் கணக்கில் முதலாளி ஒழுங்காகப் பணம் போடுகிறாரா என்று கேட்டேன். “பார்க்கணும் அண்ணே” என்றார். அந்தப் பதிலை நான் சம்பளப் பிரிவில் இருந்த காலத்திலும் கேட்டிருக்கிறேன்.

நியாயமான சம்பளம் என்று நாம் பேசும் பட்டியலில் இந்த இரண்டாமவரின் பெயரே கிடையாது. மன்றத்தின் வரவுசெலவில் அவர் ஊழியராக வருவதில்லை; சேவைக்கான குத்தகைச் செலவில் ஒரு பகுதியாக வருகிறார். கோலாலம்பூரில் இந்தப் பிரிப்பு இன்னும் முழுமையானது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது, கூட்டரசுப் பிரதேசத்திலும் அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும் குப்பையும் தெருத் துப்புரவும் ஊராட்சி மன்றங்களின் கையை விட்டுப் போய்விட்டன. பினாங்கும் சிலாங்கூரும் அச்சட்டத்தை ஏற்கவில்லை. அதனால்தான் இங்கே ஒரு நிரந்தர ஊழியரையாவது சாலையில் பார்க்க முடிகிறது.

13 பிப்ரவரி

“குத்தகையாளரின் ஆள் மன்றத்தின் பொறுப்பு அல்லவே” என்று எழுதியவருக்கு: குத்தகை விலையை மதிப்பிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மன்றம். ஆளுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) ரசீதைக் காட்டினால்தான் அடுத்த மாதப் பணம் என்று ஒரு வரி சேர்க்க மன்றத்தை யார் தடுக்கிறார்கள்?

16 பிப்ரவரி

உறுப்பினர்களின் படிக்குத் திரும்புகிறேன். மாதப்படியைவிடக் கூட்டப்படிதான் எனக்குக் கவலை தருகிறது. எந்தக் குழு, எத்தனை முறை கூடியது, எவ்வளவு நேரம் நடந்தது, வந்தவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வெளியே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெல் என்ற சிறு நகரம் எடுத்துக்காட்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டி, 2010 வாக்கில் ஏறக்குறைய 36,000 பேர் வாழ்ந்த ஊர். பெரும்பாலும் உழைப்பாளிக் குடும்பங்கள். 2010இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அந்த நகர நிர்வாகியின் சம்பளத்தை வெளிக்கொணர்ந்தது. ஆண்டுக்கு 8 லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் நால்வர் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது உறுப்பினர் வாங்கியது 8,000 டாலர்தான். அதே மேசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

இப்படிச் செய்ய எப்படி முடிந்தது? 2005இல் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. அதன் மூலம் நகரத்துக்கெனத் தனிச் சாசனம் வந்தது. உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பிறகு வாரியங்கள், ஆணையங்கள் என்று சிலவற்றை வைத்துக்கொண்டு, கூடாத கூட்டங்களுக்கும் சில நிமிடங்களில் முடிந்த கூட்டங்களுக்கும் சம்பளம் எடுத்தார்கள். நகர நிர்வாகிக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சம்பளத்தை வெளியிட்ட ஒரே ஒரு செய்தியிலிருந்து இத்தனையும் தொடங்கியது.

நம் ஊரில் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நடக்காது என்று நம்மால் சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்றுதான் கேட்கிறேன்.

17 பிப்ரவரி

பெல் நகரத்தில் உறுப்பினர்கள் தேர்தலில் வென்று வந்தவர்கள்தானே, அப்படியானால் தேர்தலால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு விரிவாக எழுத வேண்டும். இரண்டு நாள் கொடுங்கள்.

20 பிப்ரவரி

அதற்கு முன் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். படியே வேண்டாம் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கு நெருக்கமான ஒருவர் தீவுக்கு எதிரே உள்ள பினாங்கின் பெருநிலப் பகுதியில் உறுப்பினராக இருந்தார். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மன்றத்தின் கூட்டங்கள், குழுக்கூட்டங்கள், இடம் பார்க்கப் போவது எல்லாமே பகல் நேரத்தில். ஆண்டு விடுமுறை தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். இரவில் மழை பெய்தால் தொலைபேசி ஓயாது. ஓர் இறப்பு வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போக முடியாது. திருப்பணிக் குழு ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வேண்டும். மன்றம் கொடுத்த படி இவற்றுக்கே சரியாகிவிட்டது. தவணை முடிந்தபோது, தம்பி, இன்னொரு முறை இருங்களேன் என்று கேட்டேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். கால்வாய் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

சம்பளத்தைக் குறைத்தால் தியாகிகள் வருவார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் யார் வருவார்கள்? ஓய்வூதியம் வாங்குபவர், சொந்தத் தொழில் உள்ளவர், கட்சிக் கிளையின் ஆதரவில் இருப்பவர், நில மேம்பாட்டோடு தொழில் தொடர்பு உள்ளவர். பேருந்து ஓட்டுநரும் தாதியும் ஆலைத் தொழிலாளியும் அந்த மேசையில் உட்கார வேண்டுமானால், அவர்கள் இழக்கும் வேலைநாளுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் ஊராட்சி உறுப்பினராக இருக்கும் ஊழியருக்கு மன்றப் பணிக்காக நியாயமான நேரம் விடுப்பு கொடுக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், விடுப்புக்காக மேலாளரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் கவுன்சிலர்களுக்குக் கூட்டப்படி மட்டுமே இருந்தது. 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000 ரூபாயும் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக அறிவித்தார்கள். தொகை போதுமா என்பது அங்குள்ளவர்கள் பேச வேண்டியது. அது எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட்ட தொகை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

22 பிப்ரவரி

தேர்தல் பற்றி. 1957 ஜனவரி 1இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். ராமநாதன். தேர்தல் வழியாக அமைந்த மன்றம் அது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் கதவை மூடியது. பினாங்கு மாநிலம் தானே ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. கோலாலம்பூரில் நிலைமை இன்னும் விசித்திரம்: அங்கே உறுப்பினர்களே கிடையாது, டத்தோ பண்டாருக்கு (மேயருக்கு) ஆலோசனை வாரியம் மட்டும் உண்டு.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பெல் நகரத்தில் தேர்தல் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. சம்பள விவரம் வெளியே வந்த பிறகு தேர்தல் காப்பாற்றியது. 2011 மார்ச் மாதத்தில் மக்கள் பழைய உறுப்பினர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். தகவல் இல்லாத ஓட்டால் ஒன்றும் ஆகவில்லை. நமக்கு ஓட்டு இப்போதைக்கு இல்லை. அதற்காகத் தகவலையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

23 பிப்ரவரி

சிங்கப்பூர் போல உயர்ந்த சம்பளம் கொடுத்தால் ஊழல் ஒழியும் என்ற வாதம் தொடர்ந்து வருகிறது. அங்கே 2012 சீராய்வுக்குப் பிறகு, அமைச்சர் சம்பளத்துக்கு அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் வருமானத்தின் நடுமதிப்பை எடுத்து, அதில் 40 விழுக்காட்டைக் கழிக்கிறார்கள். தொகை பெரிதாக இருந்தாலும் வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும்; திட்டுகிறவரும் அதே வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு திட்டலாம். அதன் சிறப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊராட்சியில் உயர்ந்த சம்பளம் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் எளிது. ஒரு நில மேம்பாட்டு அனுமதியில் கட்டட அடர்த்தியைச் சற்றே உயர்த்திக் கொடுத்தால் மேம்பாட்டாளருக்குக் கிடைக்கும் ஆதாயம், எந்த இயக்குநரின் ஆயுள் சம்பளத்தையும் விழுங்கிவிடும். அதோடு போட்டி போடும் சம்பளத்தை எந்த மன்றத்தாலும் கொடுக்க முடியாது. கீழ்நிலை அமலாக்க ஊழியருக்குச் சம்பள உயர்வு உண்மையிலேயே பாதுகாப்பு. மேல்மட்டத்துக்குத் திறந்த கோப்புதான் பாதுகாப்பு. 8ஆம் தேதி நான் எழுதியதையும் இதையும் சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

26 பிப்ரவரி

மேலிருந்து கீழே எத்தனை மடங்கு இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தால் என்ன என்று கேட்டவருக்கு: பிரிட்டனில் 2011இல் வில் ஹட்டன் தலைமையில் நடந்த ஆய்வு 20 மடங்கு என்ற வரம்பைப் பரிசீலித்து, வரம்பு வேண்டாம், மடங்கை வெளியிட்டால் போதும் என்று முடித்தது. அதே ஆண்டின் சட்டப்படி இங்கிலாந்தின் மன்றங்கள் ஆண்டுதோறும் ஊதியக் கொள்கை அறிக்கையை வெளியிடுகின்றன. எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. குத்தகைத் தொழிலாளர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், டத்தோ கெராமாட் சாலையில் நான் பார்த்த இரண்டாமவரைப் போன்றவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, எங்கள் மன்றத்தில் இடைவெளி குறைந்திருக்கிறது என்று அறிக்கை விடுவார்கள்.

28 பிப்ரவரி

மதிப்பீட்டு வரியின் முதல் அரையாண்டுத் தவணைக்கு இன்று கடைசி நாள். நான் காலையிலேயே கட்டிவிட்டேன்.

வெறும் புலம்பலாக விடாமல் என்ன செய்யலாம் என்று கேள்வியைத் தொடங்கிய நண்பரே கேட்டிருக்கிறார். பினாங்கில் 2015 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. சிலாங்கூரிலும் அப்படியொன்று உண்டு. கோலாலம்பூர் வாசகர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேள்வி எழுப்பத்தான் வேண்டும். என் விண்ணப்பத்தில் நான்கு விஷயங்களைக் கேட்டிருக்கிறேன்: உறுப்பினர்களின் மாதப்படியும் கூட்டப்படியும், சென்ற ஆண்டு ஒவ்வொரு குழுவும் கூடிய தேதியும் வருகைப் பதிவும், அலவன்ஸ்களோடு சேர்த்து உயர் நிர்வாகத்தின் ஊதிய வரம்புகள், துப்புரவுக் குத்தகைகளில் ஆள் ஒருவருக்கு மதிப்பிட்ட சம்பளம். தனி ஊழியரின் பெயரோ சம்பளச் சீட்டோ எனக்கு வேண்டாம். அது அவருடைய சொந்த விஷயம்.

இன்னொன்று: சட்டப்படி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம்; பேச முடியாது. குழுக்கூட்டங்கள் வழக்கமாக மூடிய அறையில்தான் நடக்கும். கூட்டப்படியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது என்பதால் இரண்டாவது கேள்வியைத் தவறாமல் சேருங்கள். பெருநிலத்தில் இருப்பவர் யாராவது இதே நான்கையும் செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் கேட்டால், இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்குப் பதில் வந்ததும், மறுத்தாலும்கூட, அப்படியே முழுமையாக இங்கே எழுதுகிறேன்.